பீட்டரின் நாடியும் மார்த்தாவின் விரலும்

எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஐம்பது வயது என்பது பேர் மட்டும் கேள்விப்பட்ட ஊர். யாரும் போய்ப் பார்த்ததில்லை. அப்பா நாற்பத்தாறு வயதில் தூக்கத்திலேயே போனார். சித்தப்பா அவருக்கும் முந்திக்கொண்டார். அண்ணன் வில்லியம், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறை ஊரில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சோறு பிசைந்துகொண்டிருந்தவர், பிசைந்த கையோடு மேசையில் சாய்ந்துவிட்டார். வேலை அசதியில் கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்துக் கூட இருந்தவர்கள் தட்டில் ஈ மொய்க்காமல் ஒரு தாளைப் போட்டு மூடி வைத்தார்களாம்.

அது 1983. பினாங்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் அண்ணனை வைத்துவிட்டுத் திரும்பும்போது, வந்தவர்கள் எல்லோரும் என் தம்பி பீட்டரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவனுக்கு அப்போது நாற்பது. வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆண். அடுத்தது நீயா என்று வாய் திறந்து கேட்க மனம் வராமல் கண்ணால் கேட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. சாவுக்கு வந்தவர்கள் செத்தவனுக்காக அழ வேண்டும், இருக்கிறவனை அளவெடுக்கக் கூடாது.

நெஞ்சுவலி எங்கள் வீட்டு ஆண்களின் பரம்பரைச் சொத்து என்பார்கள். பெண்களுக்கு அதில் பங்கு கிடையாது. அம்மா எழுபதைத் தாண்டினாள், அத்தைகள் தாண்டினார்கள், சவுந்தரமாகிய நானும் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். "ஒங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாத்தையும் வாயால கொட்டிடறீங்க. நெஞ்சுல என்னா தங்கும்?" என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். எல்லோரும் சிரிப்போம். பீட்டரின் மனைவி மார்த்தாவும் சிரிப்பாள்.

மார்த்தா சின்ன உருவம். கோயிலை ஒட்டிய பாலர் பள்ளியில் டீச்சர். பிள்ளைகளோடு பிள்ளையாகப் பாடிப் பாடி, வீட்டிலும் பாதிப் பேச்சைப் பாட்டாகவே பேசுவாள். வில்லியம் அண்ணனின் காரியமெல்லாம் முடிந்து நான் படகேறிப் பிறைக்குத் திரும்பும் நாளில், சமையற்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, இவர நான் விட மாட்டேன். அம்பது என்னா அம்பது, எழுபது வரைக்கும் இழுத்துட்டுப் போறேன் பாருங்க" என்றாள்.

விளையாட்டுப் போலத்தான் சொன்னாள். ஆனால் படகுக்கு நேரமாகியும் என் கையை விடவில்லை. அன்று முதல் அந்த வீட்டில் ஒரே ஒரு வேலைதான்: பீட்டரைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது.

டாக்டரிடம் கூட்டிப் போனாள். கொழுப்பு இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, உடம்பை அசைக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். பீட்டருக்கு உடம்பை அசைப்பது என்றால் தெரிந்தது ஓட்டம் ஒன்றுதான். பள்ளிக்கூட நாளில் நூறு கஜ ஓட்டத்தில் அவனை ஜெயிக்க ஆள் கிடையாது. பழைய நினைப்புதான் பேராண்டி என்று, மறுநாள் காலையில் யூத் பார்க்கில் போய்ப் பாய்ந்தான். அரைச் சுற்று வருவதற்குள் கண் இருட்டி, புல்லில் விழுந்து, குடித்த காப்பியையெல்லாம் வாந்தி எடுத்தான். எங்கள் வீட்டுச் சாவு அன்றைக்கே தன்னைத் தேடி வந்துவிட்டது என்று நினைத்தானாம்.

தூக்கி உட்கார வைத்தவர் முகம்மது கனி. பீட்டர் வேலை செய்த அதே கப்பல் ஏஜென்சி ஆபீசில் சரக்குப் பிரிவில் இருந்தவர். ஒரு காலத்தில் மாநிலத்துக்காக நெடுந்தூரம் ஓடியவர். பயிற்சியாளர் படிப்பெல்லாம் கோலாலம்பூருக்குப் போய்ப் படித்துவிட்டு வந்திருந்தார்.

"நீ ஓடுனது சாவறதுக்கு ஓடற ஓட்டம்லா பீட்டர்" என்றாராம். "வாழறதுக்கு ஓடணும்னா மெதுவா ஓடு."

"எவ்வளவு மெதுவா, பாய்?"

"வெக்கப்படற அளவுக்கு."

கனி பாய் சொன்ன முறை கேட்க எளிது, செய்ய மானக்கேடு. ஓடும்போது கழுத்தில் விரல் வைத்து நாடி பார்க்க வேண்டும். வயதுக்குத் தகுந்தபடி ஒரு வரம்பு உண்டு. நாடி அதைத் தாண்டினால் நின்று நடக்க வேண்டும். இறங்கியதும் மறுபடியும் மெதுவாக ஓட வேண்டும். வேகத்தைப் பற்றி நினைக்கவே கூடாது. இப்படி மாதக்கணக்காக, வருஷக்கணக்காக ஓடினால் இதயம் பெருத்து வலுக்கும், ஒரே துடிப்பில் நிறைய இரத்தத்தைத் தள்ளக் கற்றுக்கொள்ளும், துடிப்பு குறையும். பிறகு அதே நாடியில் வேகம் தானாக வரும். "அஸ்திவாரம் போடாம மாடி கட்டாதே" என்பதுதான் கனி பாயின் வேதம்.

சொன்னபடி செய்தான் பீட்டர். தண்ணீர்மலைப் பூந்தோட்டத்தில் அவன் ஓடிய லட்சணத்தை நானே ஒருநாள் பார்த்தேன். கையை வீசி நடந்துபோன சீனக் கிழவிகள் அவனைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி திரும்பி நின்று, உடம்பு சரியில்லையா என்று மலாயில் விசாரித்தாள். மரத்திலிருந்த குரங்குகள்கூட அவனை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. ஆபீசில் அவனுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பேர் வைத்தார்கள். நூறு கஜத்தில் ஊரை ஜெயித்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும்? வீட்டுக்கு வந்து காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றி வீசி எறிந்தான்.

"எனக்கு வேணாம் மார்த்தா. கழுத்தப் புடிச்சிக்கிட்டு ஓடறேன், நின்னு நின்னு வாட்ச்சப் பாக்கறேன். பைத்தியக்காரன் மாதிரி இருக்கு."

"கனி பாய் வேற வழி ஒண்ணும் சொல்லலியா?"

"கூட ஓடற ஆளோட பேசிக்கிட்டே ஓடலாமாம். மூச்சு முட்டாமப் பேச முடிஞ்சா நாடி வரம்புக்குள்ள இருக்குன்னு அர்த்தமாம். எங்கூட ஓடறதுக்கு எவன் வருவான்? நத்தையா வரும்?"

மார்த்தா சப்பாத்தை எடுத்து ஓரமாக வைத்தாளாம். பிறகு சொன்னாளாம்: "பேசறதுக்கு ஆள் இல்லன்னா மாதாகிட்ட பேசுங்களேன்."

அப்படித்தான் ஜெபமாலை அவன் ஓட்டத்துக்குள் வந்தது. 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கி 'ஆமென்' வரைக்கும் மூச்சு இடறாமல் வாய்விட்டுச் சொல்ல முடிந்தால் வேகம் சரி. நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் கூடுதல், நடக்க வேண்டும். அவன் அதை நாடியோடு பலமுறை ஒப்பிட்டுப் பார்த்தான். ஒரு தடவைகூடத் தவறவில்லை. எங்கே நாடி வரம்பைத் தாண்டியதோ, அங்கே மந்திரமும் முறிந்தது. கனி பாயிடம் சொன்னபோது, "உங்க மாதா நல்ல கோச்லா" என்று சிரித்தாராம்.

கோயில் சனங்கள் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். அதிகாலையில் ஒருவன் கையில் ஜெபமாலையோடு, வேர்வை ஒழுக, முணுமுணுத்துக்கொண்டு ஊர்ந்து போனால் நம் சனங்கள் என்ன நினைப்பார்கள்? நேர்த்திக்கடன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பூசை முடிந்ததும் ஒரு கிழவி அவனைப் பிடித்துக்கொண்டு, "பீட்டர், எம் மருமவளுக்கும் ஒரு மால சொல்லிடுய்யா. நீ சொல்றது வேர்வையோட மேல போவுது" என்றாள். இவனும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான். அந்த மருமகளுக்குப் பிள்ளை பிறந்தபோது எங்களுக்கு ஒரு கேக் வந்தது.

வருஷங்கள் போயின. கனி பாய் சொன்னது நடந்தது. சீனக் கிழவிகளை முதலில் எட்டிப் பிடித்தான், பிறகு தாண்டினான். மந்திரம் முறியாமலே கர்னி டிரைவ் கடற்கரைச் சாலை முழுக்க ஓடித் திரும்பினான். பிரஷர் இறங்கியது. தொப்பை போய்ப் பள்ளிக்கூட நாள் இடுப்பு வந்தது.

ஆனால் அவன் ஓடியது காலையில் ஒரு பொழுதுதான். அவனுக்காக அந்த வீடு நாள் முழுக்க ஓடியது. வீடு என்றால் யார்? மார்த்தாதான். அவனுக்கு முன்னால் எழுந்து பார்லி காய்ச்சுவாள். அவனுக்குத் தேங்காய்ப்பால் ஆகாது என்று மீனை ஆவியில் வேகவைப்பாள். மகள் பிலோமினாவுக்கு வேறு கறி. அவன் சட்டை தினமும் வேர்வை நாறும் என்று தினமும் துவைப்பாள். சௌராஸ்தா மார்க்கெட்டிலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவாள். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. காலையில் அவன் கண்விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்னால் நாடி பார்க்க வேண்டும் என்று கனி பாய் சொல்லியிருந்தார். அதை மார்த்தா எடுத்துக்கொண்டாள். தினமும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் மணிக்கட்டில் விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவாள்.

"அண்ணி, மறுபடி எறங்கிருச்சி! அம்பதுக்குக் கீழ வந்துருச்சி!" என்று போனில் எனக்குச் சொல்வாள். பிலோமினா பரீட்சையில் பாஸானதற்குக்கூட அவள் அத்தனை சந்தோஷப்பட்டதில்லை. கோயிலில், பள்ளியில், மார்க்கெட்டில் மீன்காரனிடத்தில்கூட என் தம்பியின் நாடி எத்தனை என்று சொல்லியிருக்கிறாள். பினாங்கில் பாதிப் பேருக்கு அவன் நாடி தெரியும். மணிக்கட்டு அவனுடையது, விரல் அவளுடையது. ஒரு நாளாவது அது மாறியதில்லை.

மார்த்தா மாடிப்படியில் ஏறும்போது பாதி வழியில் சலேஹா வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். சலேஹா இரண்டு மாடி கீழே இருந்த மலாய்க்காரப் பெண். தையல் வேலை செய்கிறவள். இரண்டு பேருக்கும் நல்ல சிநேகம். "அம்மா வர்றதுக்குள்ள கறி ஆறிப்போயிடும். சலேஹா ஆண்ட்டிகிட்ட கத பேச உக்காந்துட்டாங்க" என்று பிலோமினா அலுத்துக்கொள்வாள். பீட்டரும் சிரிப்பான். வாயாடி என்று அவளுக்குப் பேர் வந்தது. எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவளுக்கு அந்தப் பேர் வராவிட்டால்தான் ஆச்சரியம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

இன்னொன்று. சாயங்காலத்தில் வீட்டில் ஜெபமாலை உண்டு. மந்திரத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிப்பார்கள். எப்போதும் மார்த்தாதான் முதல் பாதி. டீச்சர் குரல், கணீரென்று இருக்கும். 1989 வாக்கில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, பிலோமினா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னா மார்த்தா, பதவிய மகளுக்குக் குடுத்துட்டியா?" என்று கேட்டேன்.

"பெரிய பிள்ள ஆயிட்டால்ல அண்ணி. இப்பவே சொல்லிப் பழகட்டும்" என்றாள்.

நல்ல வளர்ப்பு என்று பீட்டர் பெருமைப்பட்டான்.

1990 வந்தது. பீட்டருக்கு நாற்பத்தேழு முடியப்போகிற வருஷம். அப்பா பார்க்காத வயதை அவன் பார்த்துவிட்டான். வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று. தீவையும் பிறையையும் இணைக்கும் பாலம் திறந்த சில வருஷத்தில் பாலத்து மேலேயே நெடுந்தூர ஓட்டப் போட்டிகள் வந்திருந்தன. அந்த வருஷம் முழு மாரத்தான் ஓடுவது என்று பேர் கொடுத்தான். ஏழு வருஷம் அஸ்திவாரம் போட்டாயிற்று, இனி மாடி கட்டு என்று கனி பாயும் சொல்லிவிட்டார்.

முடிவுக் கோட்டருகே நானும் என் வீட்டுக்காரரும் மார்த்தாவும் பிலோமினாவும் நின்றோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேகமாகப் போன வாலிபப் பிள்ளைகள் பலபேர் கால் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார்கள். சிலபேரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மார்த்தா ஒரு கையில் பார்லித் தண்ணீர் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் தோளைப் பிடித்திருந்தாள். சிலிப்பரைக் கழற்றிவிட்டு நின்றாள். கால் இரண்டும் ரொட்டி மாதிரி உப்பியிருந்தன.

"என்னாடி கால் இது?"

"நின்னு நின்னு வீங்கிடுச்சி அண்ணி. அதோ பாருங்க, அதோ பாருங்க!"

பீட்டர் வந்துகொண்டிருந்தான். தலை நிமிர்ந்து, தோள் தளர்ந்து, வீட்டிலிருந்து கடைக்குப் போகிறவன் மாதிரி ஓடி வந்தான். உதடு அசைந்துகொண்டே இருந்தது. கடைசி மந்திரம். ஆமென் சொல்லிக்கொண்டே கோட்டைத் தாண்டினான். கழுத்தில் போட்ட பதக்கத்தைக் கழற்றி, அத்தனை சனத்துக்கு நடுவில், மார்த்தா கழுத்தில் போட்டான். அவள் அழுதாள். "போதுங்க. இனிமே எனக்குப் பயமில்ல" என்றாள். நானும் அழுதேன். அப்பாவை நினைத்துக்கொண்டேன், வில்லியம் அண்ணனை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டைப் பிடித்த சனியன் அன்றோடு ஒழிந்தது என்று நம்பினேன்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த மார்த்தா சலேஹா வாசலில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. எனக்குப் போன் வந்து, படகு பிடித்து நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. மார்த்தாவைத் தலையணைகளை அடுக்கி உட்கார வைத்திருந்தார்கள். படுத்தால் மூச்சு நின்றுவிடும்போல இருந்தது. உதடு நாவல்பழம் தின்றதுபோல நீலம் பாய்ந்திருந்தது.

டாக்டர் ஓர் இளம்பெண். "எத்தனை நாளாக இவரால் மாடி ஏற முடியவில்லை?" என்று பீட்டரிடம் கேட்டாள். பீட்டர் விழித்தான். "இரவில் மல்லாந்து படுக்க முடிகிறதா? கால் எப்போதிலிருந்து வீங்குகிறது?" அவனுக்கு எதுவும் தெரியவில்லை. ஏழு வருஷம் தன் நாடியைத் தவிர எதையும் கேட்டுப் பழகாதவன் என்ன சொல்வான்?

பதில் சொன்னது சலேஹா. ஆம்புலன்சில் கூடவே வந்தவள், சுவரோரமாக நின்று மலாயில் சொன்னாள்: ஒரு வருஷத்துக்கு மேலே ஆகிறது. படி ஏறி என் வாசலுக்கு வந்தால் உட்கார்ந்துவிடுவாள். பேச வரமாட்டாள். பேசவே முடியாது. மூச்சு திரும்பும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கால் வீங்கியிருக்கிறது, கிளினிக் போ என்று எத்தனை தடவை சொன்னேன். ஓட்டம் முடியட்டும், அவர் மனசைக் கலைக்கக் கூடாது என்றாள்.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் இதயத்து வால்வைக் கெடுத்திருக்கிறது, பாலர் பள்ளியும் மார்க்கெட்டும் மாடிப்படியுமாக அந்தக் கெட்ட வால்வை வைத்துக்கொண்டே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறாள் என்று டாக்டர் விளக்கினாள். முன்னமே வந்திருந்தால் செய்வதற்கு வழி இருந்தது என்றும் சொன்னாள். அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு இன்னும் அந்தப் பெண்மேல் கோபம் உண்டு.

பீட்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். மார்த்தாவின் மணிக்கட்டை எடுத்து விரல் வைத்தான். கலியாணம் கட்டி அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் எண்ணப் பார்த்தான். எண்ண முடியவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ஓடுதுக்கா" என்றான். "தாறுமாறா ஓடுது. நான் பாலத்துல ஏறும்போதுகூட இப்படி ஓடல. இவ உக்காந்துக்கிட்டே ஓடறா."

மார்த்தா கண்ணைத் திறந்தாள். அவன் கையை மெல்ல விலக்கி, திருப்பி, அவன் மணிக்கட்டில் தன் விரலை வைத்தாள். பழக்க தோஷம். கடிகாரத்தைத் தேடினாள். அந்த அறையில் கடிகாரம் இல்லை. ஆனாலும் உதடு அசைய எண்ணிக்கொண்டே இருந்தாள்.

"இன்னிக்கி ஓடலியா நீங்க?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் இறந்தாள். வில்லியம் அண்ணனுக்கு இரண்டு வரிசை தள்ளி இடம் கிடைத்தது. நாற்பது வயது. எங்கள் வீட்டுக்கு வந்ததனால் அவளும் ஐம்பதைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு பீட்டர் வெகுநாள் ஓடவில்லை. சப்பாத்து கட்டிலுக்கடியில் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. ஒருநாள் அவன் வீட்டில் நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது சமையற்கட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஜெபமால ஞாபகம் இருக்கா? மார்த்தா சொல்றது?"

"இருக்கு. அதுக்கென்னா?"

"கடைசி ஒரு வருஷம் அவளுக்கு மந்திரம் முறிஞ்சிக்கிட்டே இருந்திச்சி. பாதியில நிப்பா, மூச்சு எடுப்பா, மறுபடி சொல்லுவா. அப்புறம் பிலோமினாவச் சொல்ல விட்டுட்டா. தெனமும் பக்கத்துல முட்டிபோட்டுக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். "மந்திரம் முறிஞ்சா நாடி வரம்பத் தாண்டிடுச்சின்னு எனக்குத் தெரியும்க்கா. இந்த ஊர்ல என்னவிட யாருக்கும் நல்லாத் தெரியாது. அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா. ஓடறப்ப எல்லாம் கேட்டேன். வீட்டுல கேக்கல."

எனக்கு அவனைத் திட்ட வேண்டும்போல வாய் துடித்தது. அவனுக்கு விழவேண்டிய ஏச்சு நிறைய இருந்தது. ஆனால் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு நிற்கிறவனை என்ன ஏசுவது? அடுப்பை அணைத்துவிட்டு, அவன் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். மார்த்தாமேல் வந்த கோபந்தான் எனக்கு இன்னும் தீரவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி. வாயாடி என்று பேர் வாங்கினவள், சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே போய்விட்டாள்.

கனி பாய் விடவில்லை. அவள் கட்டிக் கொடுத்த உடம்பை நாசமாக்காதே என்று வந்து வந்து இழுத்தார். மறுபடியும் ஓட ஆரம்பித்தான். இப்போது ஜெபமாலை சொல்வதில்லை. வாயை மூடிக்கொண்டு ஓடுகிறான். ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுக்கும் முன்னால் மணிக்கட்டைப் பிடித்துவிடுவான். போஸ்ட்மேன் கையையும் விட்டதில்லை. சலேஹாவுக்கு வாரம் ஒருதடவை. பிலோமினா ஆஸ்பத்திரித் தாதியாகப் படித்து வேலைக்குப் போய்விட்டாள். போனில் அவளிடம், நீயே புடிச்சிப் பாத்து எனக்குச் சொல்லு என்பான். ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

1993-இல் அவனுக்கு ஐம்பது வந்தது. எங்கள் வீட்டு ஆண்களில் முதல் ஆள். பிலோமினா கேக் வாங்கி வைத்திருந்தாள். அவன் கத்தியை எடுக்கவே இல்லை. கடைசியில் நான்தான் வெட்டினேன்.

போன மாதம் அவன் ஆபீசில் எல்லோருக்கும் உடம்பைப் பரிசோதித்தார்கள். அன்று சாயங்காலமே படகேறி நேராக என் வீட்டுக்கு வந்தான். வாசலில் அவன் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அப்பாவின் நோய் கடைசியில் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"என்னாடா சொன்னாரு டாக்டர்?"

நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான்.

"எதுன்னாலும் சொல்லுடா பீட்டர்."

"இருவது வயசுப் பையனோட இதயமாம்க்கா" என்றான். "இப்படி ஒரு இதயத்த அவரு பாத்ததே இல்லியாம். இன்னும் முப்பது வருஷம் தாராளமா ஓடுமாம்."

எங்கள் வீட்டு ஆண் யாருக்கும் எந்த டாக்டரும் சொல்லாத வார்த்தை. அதைக் கேட்கத்தானே ஒருத்தி உயிரைக் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, வில்லியம் அண்ணன் செத்த அன்றைக்குக்கூட அழாத அழுகையை அழுதான்.

"முப்பது வருஷம்க்கா. அத வச்சிக்கிட்டு நான் என்னா செய்வேன்?"

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அழுகை அடங்காமலே அவன் கையை நீட்டி, என் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினான்.